உயிரோடு இருக்கிற புருஷனுக்குத் திவசம்

என் புருஷனின் முதல் வருஷத் திவசத்துக்குச் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தது என் புருஷன்தான்.

ஆட்டோவில் அண்டாவை இரண்டு கால்களுக்கு நடுவில் இடுக்கி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய படம். மாலை வாடாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் நான், பருப்பு வாளியோடு. வெளியே பனி. உள்ளே சோற்று ஆவி. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

"யாருக்கு அண்ணே தெவசம்?"

"எனக்குத்தான் தம்பி."

டிரைவர் திரும்பி ஒரு தடவை பார்த்தார். "வெள்ளனவே போட்டாச்சாக்கும்."

"இன்னிக்குப் போடல. செத்தவன் குடிச்சிட்டுப் போனா மரியாத இல்ல."

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரர்கள், வரிசை வீட்டு ஆட்கள், இதைவிட மோசம். முந்தின நாள் ஒவ்வொருத்தராக வந்து அவரிடமே துக்கம் விசாரித்தார்கள்.

"முனியாண்டி அண்ணே, நீங்க போனத இன்னும் நம்ப முடியல."

"நல்ல மனுஷன். உசிரோட இருக்கும்போது ஒழுங்கா வேலைக்குப் போயிருந்தா இன்னும் நல்ல மனுஷன்."

அவர் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "பேசுறவங்க ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி குடுத்துட்டுப் பேசுங்க" என்றார். கொடுத்தார்கள்.

அண்டா தோட்டத்து மரண சங்கத்தினுடையது. கல்யாணத்துக்குக்கூட அதை வெளியே எடுக்க மாட்டார்கள். சாவு, பதினாறு, வருஷத் திவசம். இவற்றுக்கு மட்டும்தான். சங்கச் செயலாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள் இருக்கும்போதே அண்டா குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"நெசமாவே செத்தா அப்ப கேக்க மாட்டேன். இப்பவே கழிச்சிக்கங்க."

அண்டா கிடைத்தது.

இத்தனையும் ஒரு பிள்ளைக்குச் சோறு போட. அனுஷி என் பிள்ளை. நான் பெறவில்லை, வளர்த்தேன். அவள் இப்போது ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இருக்கிறாள். என்னைப் பார்க்க விடமாட்டார்கள். நான் சொந்தமும் இல்லை, ஜெயிலுக்கும் போனவள்.

முப்பது கழிந்த பிள்ளை

அவளைப் பெற்றது பக்கத்துக் காம்பரா சாந்தி. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். வயிற்றோடு திரும்பி வந்தாள். யார் என்று லயமே கேட்டது. அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

பிள்ளைக்கு முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த கொஞ்ச நாளில் குவைத்துக்கு ஆள் எடுக்கிறவன் வந்தான். கைப்பிள்ளை இருக்கிறவளை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் சாந்திக்குப் பிள்ளை இல்லை என்று ஆனது. அன்றையிலிருந்து எனக்கு உண்டு என்று ஆனது.

"ரெண்டு வருஷந்தான்க்கா. வந்து எடுத்துக்குறேன்."

"போயிட்டு வா."

குவைத்தில் வருஷம் நீளம் போலிருக்கிறது. முதலில் போன் வந்தது. பிறகு கறுப்புக் கண்ணாடி போட்ட படம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காகக் கோவில் கோவிலாக அலைந்தவளும் இல்லை. இல்லை என்றால் இல்லை. வந்தது, வைத்துக்கொண்டேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைக் காம்பராவில் விடுவேன். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் துணி ஏணையில் தொங்கும். சாயங்காலம் நான் வாசலில் இருமினால் போதும். அவள் ஏணை மட்டும் ஆடும்.

மழைக்கு நான் இடுப்பில் கட்டியிருக்கும் ரப்பர் படங்குத் துணியை அவிழ்க்க விடமாட்டாள். மழையும் தேயிலைச் சாயமும் ஊறின நாற்றம் அது. அதில் முகத்தை வைத்து மூச்சு இழுப்பாள். மற்றப் பிள்ளைகள் பவுடர் வாசம் தேடும். இவளுக்கு இது.

கேஸுக்குப் போகிறவர்கள்

எங்கள் லயத்தில் கசிப்புச் சாராயம் காய்ச்சுவது ஆண்கள். கேஸுக்குப் போவது பெண்கள்.

பொலிஸ் வந்தால் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகாமல் போகாது. ஆண் போனால் அடி விழும். பெண் போனால் அன்றைக்கே பிணை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டி, டவுனில் ஒரு பிளேன்டியும் வடையும் சாப்பிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பலாம். சிலர் பூ வைத்துக்கொண்டு போவார்கள். வேறு எதற்கு நாங்கள் டவுனுக்குப் போகிறோம்.

என் வீட்டுக்காரர் மானாப் புல்லுக்குள் பீப்பாய் வைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டுக் கேஸுக்கு நான். நான் அழமாட்டேன், அதிகம் பேசமாட்டேன். அதனால் அடுத்த வீட்டுக் கேஸுக்கும் சில தடவை நான். அடக்கமானவள் என்று பெயர் வேறு.

ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. கேஸுக்குப் போனவளை லயம் மறுநாளே மறந்துவிடும். கோர்ட் மறக்காது.

புது ஜட்ஜம்மா வந்தார். என் பழைய கேஸையெல்லாம் வாசிக்கச் சொன்னார். வாசிக்க வாசிக்க எனக்கே ஆச்சரியம். நாட்டிலேயே பெரிய கசிப்புக்காரி நான்தான் போலிருந்தது. எனக்கு அதன் நாற்றமே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவேன்.

"ஆறு மாசம்" என்றார். இந்த முறை அபராதம் இல்லை.

தலைவர் பேசினார்

எனக்காக வாதாடிய அப்புக்காத்து எழுந்து, இவளுக்கு மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது என்றார். அனுஷி அப்போது என் இடுப்பில்தான் இருந்தாள். ஜட்ஜம்மா எட்டிப் பார்த்தார். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பிள்ளை தாயோடு உள்ளே இருக்கலாமாம். "கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார்.

அவ்வளவுதான். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். இவளும் வருகிறாள். நான் அவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

அப்போது தலைவர் கையைத் தூக்கினார்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோர்ட் என்றால் அவரைக் கூட்டிப் போகாமல் நாங்கள் போகமாட்டோம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் வரிசையாகப் பேனா. பேசத் தெரிந்தவர். பேசாமல் இருக்கத் தெரியாதவர். தோட்டத் துரையிடம் பேசுவார், பொலிஸில் பேசுவார், சாவு வீட்டிலும் பேசுவார். ஒரு தடவை சுடுகாட்டில் அவர் பேசி முடிப்பதற்குள் மழை வந்து குழியில் தண்ணீர் நிறைந்துவிட்டது. வாளியால் இறைத்துவிட்டுத்தான் புதைத்தோம். அன்று கோர்ட்டில் காலையிலிருந்து அவருக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

ஜட்ஜம்மா, சொல்லுங்கள் என்றார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே." மே தினக் கூட்டத்துக் குரல். "இந்த ராமாயி சாதாரணத் தாய் அல்ல. தான் பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளை போல வளர்க்கின்ற தியாகத் தாய். பெற்றவளோ குவைத்திலே. தகப்பனோ யாரென்று தெரியாது. அந்தப் பச்சிளம் குழந்தையை நெஞ்சிலே சுமக்கின்ற..."

நான் அவரைப் பார்த்தேன். போதும் என்று கண்ணைக் காட்டினேன். அவர் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்.

ஜட்ஜம்மா பேனாவை எடுத்தார். "இந்தப் பிள்ளை உன்னுடையது இல்லையா?"

"என்னோடதுதாங்க."

"நீ பெற்றதா?"

நான் வாய் திறக்குமுன் தலைவர் பேசினார். "இல்லீங்கம்மா. அதுதானே அவளோட பெருமை."

பெற்றவளின் சம்மதம் இருக்கிறதா? இல்லை. கோர்ட் உத்தரவு? இல்லை. புருஷன் எங்கே? வெளியே மரத்தடியில், பீடியோடு. கசிப்பு வீட்டில் பெண் பிள்ளையை விடக்கூடாது என்று பொலிஸ் சார்ஜன் சொன்னார். எங்கள் சரக்கின் ருசி தெரிந்த சார்ஜன். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் நன்னடத்தை அலுவலகத்து மிஸ் ஒருவரை வரவழைத்தார்கள்.

வராந்தாவில் வைத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். மிஸ் நல்லவர்தான். இனிப்புக் கொடுத்துத்தான் வாங்கினார். அனுஷிக்கு ஒரு கையில் இனிப்பு, மறு கையில் என் முந்தானை. முந்தானையை அவள் விரலிலிருந்து நான்தான் பிரித்தேன். பொலிஸ்காரி பிரித்தால் வலிக்கும்.

அழவில்லை. நான் அழுதால் அவள் அழுவாள்.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"எப்பிடி? ஜட்ஜம்மாவே பேனாவ எடுத்து எழுதிக்கிட்டாங்க பாத்தியா."

உள்ளே

ஜெயிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியும்போது எழுப்புவார்கள், வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள். தோட்டத்திலும் அதுதான். இங்கே அட்டை கடிக்காது.

என் பக்கத்துப் பாயில் ஒருத்தி. புருஷனை வெட்டின கேஸ். மடியில் மகன், நடக்கப் பழகுகிற வயது. அவனுக்குப் பால்மா வரும். ஊசி போட நர்ஸ் வருவார். வெட்டினவளுக்குப் பிள்ளை கூடவே இருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனவளுக்கு இல்லை. சட்டத்தில் பிழை இல்லை. அவள் பெற்றிருக்கிறாள்.

ஆனால் நல்லவள். படுக்கும்போது மகனை என் பக்கம் தள்ளிவிடுவாள். "நீ வச்சுக்கக்கா, எனக்கு வேர்க்குது" என்பாள். அவளுக்கு வேர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் மாதம் ஒரு தடவை வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்ப்பார். ஒரு தடவை, "பீப்பாய ஒடச்சுட்டேன்" என்றார்.

"உள்ள இருந்தத யாரு குடிச்சா?"

"மண்ணுதான்."

நம்பினேனா என்று கேட்காதீர்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் காய்ச்சவில்லை. குடிப்பது மட்டும்தான்.

நானா காட்டின வழி

வெளியே வந்ததும் நன்னடத்தை அலுவலகத்துக்கு நடந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தேன். பெற்றவள் வந்து கேட்டால் கொடுக்கலாம். சொந்தக்காரர் கேட்டால் யோசிக்கலாம். நீ யார்? ஒரு மேசையில் தமிழில் கேட்டார்கள், அடுத்ததில் சிங்களத்தில் கேட்டார்கள். வளர்த்தவள் என்றேன். அதற்கு அங்கே மேசை இல்லை. பிள்ளை எந்த இல்லத்தில் இருக்கிறாள் என்றுகூடச் சொல்லவில்லை.

சொன்னது மஸ்கெலியா டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் முஸ்லிம் கடை நானா. தன் வாப்பா பேரில் வருஷம் தவறாமல் ஓர் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பார். அந்த முறை போனபோது அங்கே அனுஷியைக் கண்டிருக்கிறார். என் இடுப்பில் வந்து கடைப் புளியைக் கிள்ளித் தின்ற பிள்ளையை அவருக்குத் தெரியாதா.

"பாக்க வந்தேன்னா வாசல்லயே நிறுத்திருவாங்க ராமாயி. சோத்தக் கொண்டு போ. சோத்தோட போறவங்கள நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. கையால பரிமாறவும் உடுவாங்க."

"என்னன்னு சொல்லிக் கொண்டு போறது நானா?"

"பொறந்த நாளுன்னு சொல்லு."

யோசித்தேன். டவுன்காரர்கள் பிறந்த நாளுக்குக் கேக்கோடு போவார்கள், போட்டோ பிடிப்பார்கள். லயத்துப் பொம்பளை பிறந்த நாள் என்று அண்டாச் சோறு கொண்டுபோனால் யார் நம்புவார்கள். எங்கள் ஆட்கள் அண்டாவில் ஆக்குவது செத்தவர்களுக்குத்தான். இருக்கிறவர்களுக்குச் சட்டி போதும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீங்க செத்துப் போகணும்."

"எப்ப?"

"போன வருஷம். ஞாயித்துக்கெழம தெவசம்."

பீடியை வாசல்படியில் தேய்த்து அணைத்தார். "நீ எனக்காக ஜெயிலுக்கே போயிட்டு வந்துட்ட. இதுல என்ன இருக்கு" என்றார்.

படம்

இல்லத்தை நடத்துகிற பெரிய மிஸ் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். நாள் கேட்டுப் போன் பண்ணினபோதே, செத்தவரின் படத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மேசையில் வைத்து விளக்கேற்றி, பிள்ளைகள் அவருக்காகக் கண்ணை மூடுவார்களாம்.

எங்களிடம் ஒரே படம்தான். ஸ்டுடியோவில் எடுத்தது. பெரிய மீசை, தலை நிறைய முடி. முடி எப்போதோ போய்விட்டது. மீசையை முந்தின நாள் எடுத்தார்.

மிஸ் துணியை விலக்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தம்பியா?"

"ஆமாங்க. கூடப் பொறந்தவன்."

"அண்ணன் எப்பிடி ஆளு?"

இவர் உண்மையாகவே யோசித்தார். "கெட்டவரு இல்லீங்க. பொண்டாட்டிக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

"எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான்" என்றார் மிஸ்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். நான் அகப்பையோடு அண்டா பக்கத்தில் நின்றேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி காதுக்கு மேலே முடி வெட்டியிருந்தது. எது அனுஷி என்று தெரியவில்லை. நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பாதத்தை உள்பக்கம் வைத்து நடப்பாள். உயர்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

சரி, மறந்துவிட்டாள். மூன்று வயதில் பிரித்த பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும். சோறு போடத்தானே வந்தோம், போட்டுவிட்டுப் போவோம் என்று நின்றேன்.

மிஸ் விளக்கேற்றிவிட்டுத் துணியை முழுதாக எடுத்தார். மாலைக்குள் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிஸ்ஸை எப்படி ஏமாற்றுவது என்று அவ்வளவு யோசித்தோம். அது எங்கள் காம்பராவில் அனுஷி படுக்கும் இடத்துக்கு நேரே மாட்டியிருந்த படம். அதைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குவாள். படத்துக்கு மாலை போட்டால் என்ன என்று லயத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

"அப்பா செத்துட்டாரு" என்றாள்.

கத்தவில்லை. சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கண்ணை மூடியிருந்த பிள்ளைகள் எல்லாம் திறந்து பார்த்தார்கள்.

ஜெயிலில் இருந்தது நான். மேசை மேசையாக நடந்தது நான். பிள்ளை அழுதது பீப்பாய்க்காரருக்கு.

அவர் பருப்பு வாளியைக் கீழே வைத்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். நிற்கவில்லை. போய் அவளைத் தூக்கிக்கொண்டார். "நான் சாகல சாமி. இந்தா பாரு. மீசையத்தான் எடுத்தேன்." அவள் விக்கிக்கொண்டே அவர் மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள்.

மிஸ் விளக்கைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"அப்ப செத்தது யாரு?"

"நான்தாங்க" என்றார் இவர்.

பந்தி

அந்த நிமிஷமே எங்களைத் துரத்தியிருக்கலாம். ஆனால் சாப்பாடு வருகிற நாளில் இல்லத்தில் உலை வைக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு வேறு சோறு இல்லை. அதனால் தப்பித்தோம்.

மிஸ் என்னை ஜன்னல் ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்டார். சொன்னேன். தலைவர் பேசினதைச் சொன்னபோது வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

"சட்டப்படி என்னால பிள்ளைய குடுக்க ஏலாது."

"கேக்கலீங்க."

"பொய் சொல்லி உள்ள வந்தீங்க. பொலிஸுக்குச் சொல்லணும்."

"சொல்லுங்க. அந்த எடம் எனக்குப் பழக்கந்தான்."

மழைச் சாரல் உள்ளே அடித்தது, அவர் ஜன்னலைச் சாத்தினார். "மாசத்துல முதல் ஞாயிறு ஆக்கள் பாக்க வாற நாள். வாங்க. பிள்ளை ஆளை அடையாளம் கண்டுச்சின்னு நன்னடத்தைக்கு நான் சொல்றேன். அவங்க என்ன சொல்வாங்களோ தெரியாது." விளக்குப் பக்கம் கையைக் காட்டினார். "யாரையும் சாகடிக்காம வாங்க."

திரும்பிப் போய் அகப்பையை எடுத்தேன். என் வீட்டுக்காரர் படத்திலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அனுஷி தட்டை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். சோறு வைத்தேன். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மாவும் சாகலயா?"

"யாரு சொன்னா செத்தேன்னு?"

பெரிய பிள்ளைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "அக்காமாரு. வராத அம்மா எல்லாம் செத்துட்டாங்களாம். செத்தவங்க வந்தா பேசக் கூடாதாம். பேசினா போயிருவாங்களாம்."

அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

"நான் சாகல. ஜெயிலுக்குப் போயிருந்தேன்."

பின்னாலிருந்து மிஸ் "ஐயோ, அதச் சொல்லாதீங்க" என்றார். பிள்ளைகளுக்கு முன்னால் அதைப் பேசக்கூடாதாம். பேசியாகிவிட்டது.

அனுஷி பக்கத்துப் பிள்ளையிடம் திரும்பினாள். எங்கள் அம்மா சாகவில்லை, ஜெயிலில் இருந்தார், இப்போது வந்துவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள். குரலில் அவ்வளவு பெருமை. அந்தப் பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொன்னது. பந்தி முழுக்கப் போனது. சோற்றில் ஒருத்தரும் கை வைக்கவில்லை.

கடைசியில் இருந்த சின்னது எழுந்து நின்றது. நாலு வயது இருக்கும். மிஸ்ஸைப் பார்த்துக் கேட்டது.

"எங்க அம்மாவும் ஜெயில்லயா மிஸ்?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பருப்பு ஊற்றினேன்.